இரண்டு மைக்ரோகிராம் மணிச்சத்து

திருவிடைமருதூர் வட்டத்து விவசாயிக்கு ஆடுதுறை என்றவுடன் நினைவுக்கு வருவது விதைநெல்தான். 1922-ஆம் ஆண்டில் அங்கே ஸ்தாபிக்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம், 1985-இல் தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிறுவனமாக உயர்வு பெற்று, ஊர்ப்பெயரைச் சுருக்கி ‘ஏடிடி’ என்று முத்திரையிட்ட ரகங்களைக் காவிரிப் படுகையெங்கும் பரப்பியிருக்கிறது. ஆயினும் எத்துணை உயர்ந்த ரகமானாலும், அதற்கு எவ்வளவு உரமிடலாம் என்ற கேள்விக்கு விதை தனியாக விடை சொல்வதில்லை. மண்ணையும் கேட்டாக வேண்டும். மண்ணை அவ்வாறு பேசவைக்கும் வித்தை, ரசாயன சாஸ்திரத்தின் மிக எளிய காரியங்களில் ஒன்றைப் பற்றி நிற்கிறது. ஒரு கரைசலை அளந்து எடுத்து, அதில் அளவறிந்து நீர் சேர்ப்பதே அக்காரியம். பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலையில் மாணவர்கள் அலட்சியமாகச் செய்துவிட்டுப் போகும் இந்த நீர்த்தல் வேலைக்குள் எவ்வளவு நுட்பமான கணக்கு அடங்கியிருக்கிறது என்பதையும், அக்கணக்கில் நேரும் சிறு பிசகு வயல்வரை எப்படிப் பரவுகிறது என்பதையும் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அறுவடை முடிந்து ஈரம் வடிந்தபின், அடுத்த பட்டத்துக்கு உரமிடுவதற்கு முன்னுள்ள இடைவெளியில், விவசாயி தம் வயலின் பல இடங்களில் மேற்பரப்பிலுள்ள குப்பையை ஒதுக்கி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சரிவான குழி வெட்டி, அதன் பக்கங்களிலிருந்து சீவியெடுத்த மண்ணையெல்லாம் ஒன்றாகக் கலந்து, நான்கு பங்காக்கி எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்து, அரைக் கிலோ அளவில் நிறுத்தி, நிழலில் உலர்த்திக் கொண்டுவருகிறார். அந்த அரைக் கிலோவிலும் மணிச்சத்து அளக்கச் சோதனைச்சாலை எடுப்பது வெறும் 2.5 கிராம். 1954-இல் அமெரிக்காவில் ஓல்சனும் அவருடைய சகாக்களும் வகுத்த முறைப்படி, அந்த மண்ணைச் சோடியம் பைகார்பனேட் கரைசல் 50 மில்லிலிட்டரில் இட்டு அரைமணி நேரம் குலுக்கி வடிகட்டுகிறார்கள். வடிநீரில் 5 மில்லிலிட்டரை மட்டும் 25 மில்லிலிட்டர் அளவுக் குடுவைக்கு மாற்றி, அமிலம் சேர்த்துக் கரியமில வாயு நுரைத்தடங்கியபின், மாலிப்டினம் கலந்த வினைப்பொருளைச் சேர்த்து நீல நிறம் வரவழைத்து, நீர்விட்டுக் கழுத்துக்கோடு வரை நிரப்புகிறார்கள். நீலத்தின் அடர்த்தியை நிறமானி அளக்கிறது. மணிச்சத்து அதிகமானால் நீலமும் அதிகம்.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். 50 மில்லிலிட்டரில் 2.5 கிராம் மண்ணின் சாரம் இருந்தது; எனவே நாம் எடுத்த 5 மில்லிலிட்டரில் இருப்பது கால் கிராம் மண்ணின் சாரம். ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல்மண், 15 சென்டிமீட்டர் ஆழம்வரை, ஏறத்தாழ 22.4 லட்சம் கிலோ எடையுள்ளது என்பது மண் பரிசோதனையில் வழங்கிவரும் பிரமாணம். கால் கிராமுக்கும் இதற்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு 896 கோடி. நிறமானி அந்தக் குடுவையில் லிட்டருக்கு 0.08 மில்லிகிராம் செறிவு என்று காட்டுமானால், 25 மில்லிலிட்டரில் இருக்கும் மணிச்சத்து 0.002 மில்லிகிராம், அதாவது 2 மைக்ரோகிராம். அதை 896 கோடியால் பெருக்கினால் ஹெக்டேருக்கு 17.9 கிலோ என்று வருகிறது. தமிழ்நாட்டில் வழங்கும் வரையறைப்படி 11 கிலோவுக்குக் குறைந்தால் மணிச்சத்து ‘குறைவு’. 11 முதல் 22 வரை ‘மத்திமம்’. அதற்கு மேல் ‘அதிகம்’. நம் வயல் மத்திமம் என்று மண் பரிசோதனை அட்டையில் எழுதப்படுகிறது.

ஒரு ஹெக்டேரின் உரச் செலவைத் தீர்மானிக்கும் இந்த 2 மைக்ரோகிராமை நிறுத்துப் பார்க்கத் தராசு உண்டா? சோதனைச்சாலைகளில் வழக்கமாயுள்ள நுண்தராசு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மைக்ரோகிராம் வரைதான் காட்டும். அதன் தட்டில் 2 மைக்ரோகிராமை வைப்பதும் வைக்காதிருப்பதும் ஒன்றே. ஆயினும் ‘இவ்வளவு நீலத்துக்கு இவ்வளவு மணிச்சத்து’ என்று நிறமானிக்குக் கற்பிக்க வேண்டுமானால், 2 மைக்ரோகிராமும் 4 மைக்ரோகிராமும் 10 மைக்ரோகிராமும் சந்தேகத்துக்கிடமின்றி அடங்கிய தரக் குடுவைகள் நம் கையில் இருந்தாக வேண்டும். தராசு கைவிட்ட இடத்தில் கைகொடுப்பது நீர்த்தல். நிறுக்கக்கூடிய ஒரு பெரிய அளவை நிறுத்துக்கொண்டு, அதை அளந்த நீரில் பரப்பி, அந்நீரின் ஒரு பகுதியை அளந்து எடுத்தால், நிறுக்கவியலாத சிறிய அளவை நிச்சயமாகக் கையில் எடுத்துவிடலாம்.

இதற்கு ஆதாரமான தத்துவம் ஒன்றே ஒன்றுதான். எதிர்பாராமல் விருந்தாளிகள் வந்துவிட்டால் இருக்கிற தயிரை நீர்மோராக்கிப் பந்தி முழுதும் பரிமாறிவிடும் குடும்பத்தலைவி, மோரை எவ்வளவு பெருக்கினாலும் அதிலுள்ள தயிரைப் பெருக்குவதில்லை. கரைசலின் கதையும் அதுவே. நீர் சேர்க்கும்போது கன அளவு மாறுகிறது, செறிவு மாறுகிறது, கரைபொருளின் மொத்த அளவு மாறுவதேயில்லை. செறிவைக் கன அளவால் பெருக்கினால் கரைபொருளின் அளவு கிடைக்குமாதலால், மூலக் கரைசலின் செறிவை அதில் எடுக்கும் கன அளவால் பெருக்கிய தொகையும், வேண்டிய செறிவை ஆக்கவேண்டிய கன அளவால் பெருக்கிய தொகையும் சமமாக இருந்தே தீரவேண்டும். நீர்த்தல் பற்றிய சூத்திரங்கள் அனைத்தும் இந்த ஒரு சமன்பாட்டின் வேஷங்களே. இதை விளங்கிக்கொண்டவன் வேறெதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மணிச்சத்துத் தரக் கரைசல் ஒன்றை இப்போது நாமே தயாரிக்கலாம். மூலப்பொருள் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்னும் வெண்ணிற உப்பு. அதன் மூலக்கூறு எடை 136.09, அதில் மணிச்சத்தாகிய பாஸ்பரஸின் பங்கு 30.97. ஆகவே 100 மில்லிகிராம் பாஸ்பரஸ் வேண்டுமானால் 439.4 மில்லிகிராம் உப்பை நிறுக்க வேண்டும். தராசு 0.1 மில்லிகிராம் பிசகினாலும் இவ்வளவு எடையில் அது நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த உப்பை நீரில் கரைத்து ஒரு லிட்டராக நிரப்பினால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ள மூலக் கரைசல் ஆயிற்று. அதில் 20 மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் எடுத்து மீண்டும் ஒரு லிட்டராக்கினால், 100-ஐ 20-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க, லிட்டருக்கு 2 மில்லிகிராம். இந்த இரண்டாம் கரைசலின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 2 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. தனித்தனி 25 மில்லிலிட்டர் குடுவைகளில் இதை 1, 2, 3, 4, 5 மில்லிலிட்டர் என்று விட்டு, மண்ணின் வடிநீருக்குச் செய்த உபசாரங்களையெல்லாம் இவற்றுக்கும் செய்து கோடுவரை நிரப்பினால், லிட்டருக்கு 0.08, 0.16, 0.24, 0.32, 0.40 மில்லிகிராம் என்ற படிவரிசை அமைந்துவிடும். பாஸ்பரஸே இல்லாத ஒரு குடுவையும் பக்கத்தில் இருக்கவேண்டும். வினைப்பொருள்களின் சொந்த நிறத்தைக் கழிப்பதற்கு அது தேவை.

மூலக் கரைசலிலிருந்து ஒரே தாவலில் 0.08-க்கு வந்துவிடக்கூடாதா என்று கேட்கலாம். சமன்பாடு தடை சொல்லாது. 25 மில்லிலிட்டர் குடுவையில் மூலக் கரைசலை 0.02 மில்லிலிட்டர் விட்டால் போதும் என்று விடை தரும். ஆனால் சாதாரண நீர்த்துளி ஒன்றே ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர், துளியின் பாதியைக்கூட எட்டாத ஓர் அளவைச் சாதாரணப் பிப்பெட்டால் எடுப்பது எங்ஙனம்? ஒரு பிப்பெட்டின் நுனியில் ஒட்டிநிற்கும் ஈரம் 20 மில்லிலிட்டர் எடுக்கும்போது பொருட்படுத்தத் தகாதது, 0.02 மில்லிலிட்டர் எடுக்கும்போது அதுவே சர்வநாசம். ஆகவே பெரிய நீர்த்தலைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் கருவி நம்பகமாக அளக்கக்கூடிய கன அளவையே எடுப்பது முறை. அதே சமயம் படிகளை வேண்டாமல் பெருக்குவதும் தகாது. ஒவ்வொரு படியும் தன் சிறு பிழையை அடுத்த படியின்மேல் ஏற்றிவிட்டுத்தான் போகும்.

செய்முறையின் நியமங்கள் எல்லாம் அதே சமன்பாட்டைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டவை. பிப்பெட்டை எடுக்கப்போகும் கரைசலாலேயே அலசுகிறோம். இல்லாவிட்டால் உள்ளே தங்கிய நீர் அதன் செறிவைக் குறைத்துவிடும். குடுவையையோ நீரால் மட்டுமே அலசுகிறோம். கரைசலால் அலசினால் கணக்கில் வராத கரைபொருள் உள்ளே தங்கிவிடும். கழுத்துக்கோட்டுக்குக் கண்ணைச் சமமாக வைத்து, நீர்மட்டத்தின் குழிந்த அடிப்பாகம் கோட்டைத் தொடுமாறு நிரப்பி, மூடியிட்டுத் தலைகீழாகப் பலமுறை கவிழ்த்துக் கலக்குகிறோம். ‘இவ்வளவு நீர் சேர்’ என்று சொல்லாமல் ‘இவ்வளவாக நிரப்பு’ என்று சாஸ்திரம் சொல்வதற்கும் காரணம் உண்டு. 50 மில்லிலிட்டர் எரிசாராயத்தோடு 50 மில்லிலிட்டர் நீரைக் கலந்தால் 100 மில்லிலிட்டர் வராது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருங்கி அமர்வதால் 96, 97 மில்லிலிட்டர் அளவில் நின்றுவிடும். கன அளவுகள் கூடுவதில்லை, நிறைகளே கூடுகின்றன என்ற உண்மையை இது ஒன்றே நிரூபித்துவிடும்.

வெப்பநிலையும் கவனிக்கத்தக்கது. குளிர் நாடுகளில் அளவுக் குடுவைகள் 20 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு அளவிடப்படுகின்றன. இந்தியத் தர நிர்ணயமோ நம் சீதோஷ்ணத்தை உத்தேசித்து 27 பாகையை ஏற்றிருக்கிறது. சித்திரை வெயிலில் சோதனைச்சாலை 35 பாகைக்குச் சூடேறியிருக்கும்போது நிரப்பிய ஒரு லிட்டரில், 27 பாகையில் நிரப்பிய லிட்டரைவிட ஏறத்தாழ 2.5 கிராம் நீர் குறைவாக இருக்கும். மண் பரிசோதனைக்கு இது பெரும் பிசகன்று. ஆனால் கரைத்ததும் சூடேறும் திரவங்களை ஆறவிடாமல் கோடுவரை நிரப்புகிறவர்கள் இதைவிடப் பெரிய பிசகுக்கு ஆளாவார்கள்.

ஆனால் நடைமுறையில் மிகுதியாகக் காணப்படும் பிழை வெப்பத்தாலும் வருவதில்லை, துளியாலும் வருவதில்லை. ஐந்தை இருபத்தைந்தாக்குவதற்கும் ஐந்தோடு இருபத்தைந்தைக் கூட்டுவதற்கும் உள்ள வேற்றுமையை மறப்பதால் வருகிறது. 5 மில்லிலிட்டர் வடிநீரைக் கோடுவரை நிரப்பி 25 ஆக்கினால் நீர்த்தல் 5 மடங்கு. 5 மில்லிலிட்டருடன் 25 மில்லிலிட்டரைச் சேர்த்துவிட்டால் மொத்தம் 30, நீர்த்தல் 6 மடங்கு. கணக்கெழுதுபவரோ 5 என்றே பெருக்குவார். உண்மையில் ஹெக்டேருக்கு 12 கிலோ மணிச்சத்து உள்ள வயல், இந்தப் பிழையால் 10 கிலோ என்று பதிவாகும்; மத்திமம் என்றிருக்கவேண்டிய அட்டையில் குறைவு என்று வரும்; விவசாயி தேவைக்கு அதிகமாகச் சூப்பர் பாஸ்பேட் வாங்குவார். தரக் குடுவைகளுக்கும் அதே பிழையைச் செய்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, விடை சரியாகவே வந்திருக்கும் என்பது இதிலுள்ள வேடிக்கை. தரத்தையும் மாதிரியையும் எள்ளளவும் வேற்றுமையின்றி ஒரே விதமாக நடத்தவேண்டும் என்ற விதிக்கு இதைவிடச் சிறந்த நியாயம் வேண்டியதில்லை.

தழைச்சத்துக்கு வருவோம். பி.வி. சுப்பையாவும் ஜி.எல். அசிஜாவும் 1956-இல் வெளியிட்ட முறையே இன்றும் நம் நாட்டு மண் பரிசோதனையில் பெருவழக்காக இருக்கிறது. 20 கிராம் மண்ணைக் காரப் பெர்மாங்கனேட்டோடு காய்ச்சி வடித்து, வெளிவரும் அம்மோனியாவைப் பிடித்து, 0.02 நார்மல் சல்ப்யூரிக் அமிலத்தால் பியூரெட்டில் தரம் பார்க்கிறார்கள். இந்த அமிலத்தின் ஒவ்வொரு மில்லிலிட்டரும் 0.28 மில்லிகிராம் நைட்ரஜனுக்குச் சமம். 20 கிராம் மண்ணிலிருந்து ஹெக்டேருக்குப் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டர் 31.36 கிலோ தழைச்சத்தைக் குறிக்கும். ஹெக்டேருக்கு 280 கிலோ என்பது குறைவுக்கும் மத்திமத்துக்கும் இடையிலான எல்லை. அதாவது பியூரெட்டில் 9 மில்லிலிட்டரை ஒட்டிய இடத்தில் ஒரு வயலின் யூரியாக் கணக்கு நிச்சயமாகிறது. அமிலத்தின் செறிவு நூற்றுக்கு ஐந்து பிசகினால் அன்று பரிசோதித்த வயல்கள் அனைத்தின் தழைச்சத்தும் நூற்றுக்கு ஐந்து பிசகும்.

அந்த அமிலத்தைத் தயாரிப்பதும் நீர்த்தலே. கடையில் கிடைக்கும் அடர் சல்ப்யூரிக் அமிலம் நூற்றுக்கு 98 பங்கு தூய்மையும், மில்லிலிட்டருக்கு 1.84 கிராம் எடையும் உடையது; கணக்கிட்டால் 36.8 நார்மல். நேரே 0.02 நார்மலுக்கு வருவதற்கு லிட்டருக்கு 0.54 மில்லிலிட்டர் அமிலம் எடுக்கவேண்டும். பாகுபோன்ற அத்திரவத்தை அவ்வளவு சிறிய அளவில் எடுப்பதும் கடினம், புட்டியைத் திறக்குந்தோறும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் அதன் வீரியத்தை நம்புவதும் கடினம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவின் காற்று எப்படியிருக்கும் என்பது சொல்லவேண்டியதில்லை. ஆகவே முதலில் லிட்டருக்கு 2.8 மில்லிலிட்டர் எடுத்து உத்தேசமாக 0.1 நார்மல் ஆக்கி, உலர்த்தி நிறுத்த சோடியம் கார்பனேட்டோடு தரம் பார்த்து, மெய்யான செறிவைக் கண்டுகொண்டபின், அது சரியாக 0.1 ஆயின் 200 மில்லிலிட்டரை ஒரு லிட்டராக நிரப்புகிறார்கள். இங்கே உயிரைக் காக்கும் நியமம் ஒன்று உண்டு. நீரில்தான் அமிலத்தை, சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே விடவேண்டும்; அமிலத்தில் நீரை விட்டால், எடை குறைந்த நீர் மேலே நின்று, கலக்கும்போது பிறக்கும் கடும் வெப்பத்தால் அங்கேயே கொதித்து, அமிலத்தை முகத்தில் வாரியிறைத்துவிடும்.

கரைபொருளுக்குப் பதிலாக உயிரணுக்களை நீர்க்கும் கலையும் இதோடு சேர்ந்தது. பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவைத் தனியே பிரிப்பதற்காக ஜோசப் லிஸ்டர் 1878-இல் கையாண்ட உபாயம் நீர்த்தல்தான். இன்று அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரங்கள் பழுப்பு நிலக்கரிப் பொடியில் கலந்து பொட்டலமாக வருகின்றன. ஒரு கிராமில் 5 கோடி உயிரணுக்களாவது இருக்கவேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணை விதிக்கும் தரம். 5 கோடியை யாரால் எண்ணமுடியும்? பொடியில் 10 கிராமை 90 மில்லிலிட்டர் சுத்திகரித்த நீரில் கலந்து, அதில் 1 மில்லிலிட்டரை 9 மில்லிலிட்டர் நீருள்ள குழாய்க்கு மாற்றி, அதிலிருந்து அடுத்த குழாய்க்கு என்று ஒவ்வொரு முறையும் புதிய பிப்பெட்டால் தொடர்ந்தால், ஆறாம் படியில் நீர்த்தல் பத்து லட்சம் மடங்காகிவிடும். அதன் ஒரு மில்லிலிட்டரைத் தட்டில் வார்த்து, முளைக்கும் காலனிகளை எண்ணினால் 50. அதைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் 5 கோடி. 30-க்கும் 300-க்கும் இடைப்பட்ட எண்ணிக்கை வரும் தட்டையே கணக்கில் கொள்வது வழக்கம். அதற்குக் கீழே தற்செயல் ஆட்சி செய்யும், மேலே காலனிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கண்ணை ஏமாற்றும். இங்கும் கூட்டல் பிழை காத்திருக்கிறது. 9 மில்லிலிட்டருக்குப் பதில் 10 மில்லிலிட்டர் நீரும், முதற்படியில் 90-க்குப் பதில் 100-ம் வைத்துவிட்டால் ஒவ்வொரு படியும் 11 மடங்காகி, ஆறு படிகளில் நீர்த்தல் 17.7 லட்சம் மடங்காகும். தரமான 5 கோடிப் பொட்டலம் 2.8 கோடி என்று பதிவாகித் தள்ளுபடி செய்யப்படும்.

சோதனைச்சாலைக்கு வெளியிலும் இக்கணக்கு தொடர்கிறது. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்னதாக நெற்பயிருக்கிடையே தெளித்துவிடும் உளுந்துக்கு, பூக்கும் தருணத்திலும் பதினைந்து நாள் கழித்தும் நூற்றுக்கு 2 பங்கு டிஏபி கரைசல் தெளிக்கச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு 4 கிலோ உரத்தை முதல்நாள் மாலை 10 லிட்டர் நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடித்து 200 லிட்டராக்குவது முறை. இது 20 மடங்கு நீர்த்தல். ஆகவே 10 லிட்டர் கொள்ளும் கைத்தெளிப்பானுக்கு மூலக் கரைசல் அரை லிட்டர், நீர் ஒன்பதரை லிட்டர். அரை லிட்டரோடு பத்து லிட்டர் என்று ஊற்றினால் தெளிப்பான் வழிவதே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். சோதனைச்சாலைக் குடுவைக்கு அந்தத் தயவு கிடையாது.

டெல்டாவின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நீரை ஊற்றுமுன் கணக்கைக் காகிதத்தில் எழுதுங்கள். எழுதிய கணக்கைத் தலைகீழாகப் போட்டு, கடைசிக் குடுவையிலிருந்து மூலப் புட்டிக்குத் திரும்பி வந்து சேர்கிறதா என்று பாருங்கள். புட்டியின்மீது பொருளின் பெயரையும் செறிவையும் தயாரித்த தேதியையும் எழுதாமல் அதை அலமாரியில் வைக்காதீர்கள். இந்த மூன்று பழக்கங்களுக்கும் செலவு ஏதுமில்லை. 2 மைக்ரோகிராமில் நேரும் பிழை 896 கோடி மடங்காகப் பெருகி ஒரு விவசாயியின் உரக் கணக்கில் ஏறும் என்பதை அறிந்தவர்கள் இவற்றைச் சிரமமாக எண்ணமாட்டார்கள்.